2006ல ஆரம்பிச்ச வலைப்பூவ வேற சர்வருக்கு மாத்தணும், தமிழ் எழுத்தெல்லாம் உடையுது – உதவி வேணும்

கரிசல்செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பா கோவில்பட்டி பக்கம் தமிழாசிரியரா இருந்து ரிட்டயர் ஆனவர், 2006ல இருந்து வேர்ட்பிரஸ்ல எழுதிட்டு இருக்கார். கமலை (மாடு கட்டி கிணத்துல தண்ணி இறைக்கிறது), அதோட கூனை, வடம், கலப்பையில ஒவ்வொரு பாகத்துக்கும் எங்க ஊர்ல சொல்ற பேரு, மழைக்கு சொல்ற பேரு, இப்படி கரிசக்காட்டு சொல்லு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதிவு. அதுக்கு கீழ சாத்தூர், விளாத்திகுளம் பக்கத்து பெருசுங்க வந்து "எங்க ஊர்ல இத இப்படி சொல்லுவோம்"னு எழுதுன மறுமொழிங்கதான் எனக்கு பதிவ விட முக்கியம், அதுல எழுதுன பல பேர் இப்ப இல்ல.

இப்ப இருக்குற ஹோஸ்டிங்ல பழைய ப்ளான எடுக்கப் போறோம், இந்த மாச கடைசிக்குள்ள மாத்திக்கோங்கன்னு மெயில் வந்திருக்கு. நான் புதுசா ஒரு விபிஎஸ் (வாடகைக்கு கிடைக்கிற தனி சர்வர்) வாங்கிட்டேன். பிஹெச்பி மைஅட்மின்ல (ப்ரவுசர்லயே டேட்டாபேஸ பாக்குற கருவி) போய் எக்ஸ்போர்ட் பண்ணி புதுசுல இம்போர்ட் பண்ணி பாத்தா பதிவு எண்ணிக்கை எல்லாம் சரியா வருது, ஆனா தமிழ் எழுத்து ஒண்ணு கூட தமிழா இல்ல. தலையில சாய்கோடு போட்ட சின்ன ஏ, அதுக்கு பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர், திரும்ப ஏ, திரும்ப ஆர்னு பக்கம் பூரா அதேதான். இங்கிலீஷ்ல இருக்குற மெனு மட்டும் ஒழுங்கா இருக்கு. பழைய சைட் இன்னும் நல்லா ஓடுது, அங்க தமிழ் தமிழாத்தான் தெரியுது. என்ன பண்றதுன்னு தெரியல, யாராவது வழி சொல்லுங்க.

வினோத்_மதுரை:
அக்கா இதுக்கு ஏன் கைல பண்றீங்க, டூப்ளிகேட்டர் இல்லன்னா ஆல்-இன்-ஒன் மைக்ரேஷன் ப்ளகின் போடுங்க, ஒரே ஃபைலா வந்துரும், புதுசுல போட்டா முடிஞ்சது. நான் நாலஞ்சு கடை சைட் இப்படித்தான் மாத்தி குடுத்திருக்கேன்.

தரவுத்தச்சன்:
செல்வி, மொதல்ல ஒண்ணு. பழைய சர்வர்ல எதையும் தொடாதம்மா. டேபிள் சரிபண்றேன், கொலேஷன் (எழுத்த வரிசைப்படுத்துற விதி) மாத்துறேன்னு அங்க போய் எதையும் அழுத்தாத. அது ஓடுற வரைக்கும் உனக்கு எதுவும் தொலையல.

வினோத் சொல்ற ப்ளகின் நல்லதுதான், 2016க்கு அப்புறம் ஆரம்பிச்ச சைட்டுக்கு நானும் அதான் போடுவேன். ஆனா 2006 வலைப்பூன்னா கத வேற. வேர்ட்பிரஸ் 2.2 வந்தது 2007ல, அதுலதான் டேட்டாபேஸுக்கு எந்த எழுத்து குறியாக்கம்னு சொல்ற டிபி_சார்செட் (DB_CHARSET)ங்குற வரியே கான்ஃபிக் ஃபைலுக்குள்ள வந்துச்சு. அதுக்கு முன்னாடி போட்ட வலைப்பூவெல்லாம் பெரும்பாலும் லேட்டின்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துக்கான பழைய குறியாக்கம்) டேபிள்லதான் உக்காந்திருக்கும். நீ கான்ஃபிக் ஃபைல தொறந்து அந்த வரி இருக்கான்னு பாரு, டேபிள் என்ன கேரக்டர் செட்டுன்னும் பாத்து சொல்லு.

நீ சொன்ன ஏவும் ஆரும் என்னன்னா, யூனிகோட்ல ஒவ்வொரு தமிழ் எழுத்தும் (புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி கணக்கு) யூடிஎஃப்-8ல மூணு பைட். மொத பைட் எப்பவும் ஈ0, ரெண்டாவது ஏஈ இல்லன்னா ஏஎஃப். லேட்டின்1 கண்ணாடி போட்டு பாத்தா ஈ0ங்குறதுதான் அந்த சாய்கோடு ஏ, ஏஈங்குறதுதான் வட்டத்துக்குள்ள ஆர். அதனாலதான் பக்கம் பூரா அதே ரெண்டும் வருது. வேர்ட்பிரஸ் இத்தன வருஷமா தமிழ் பைட்ட அப்படியே உள்ள தள்ளிட்டு அப்படியே வெளிய எடுத்துட்டு இருந்திருக்கு, டேட்டாபேஸுக்கு உள்ள இருக்குறது தமிழ்னே தெரியாது. நீ யூடிஎஃப்-8ல எக்ஸ்போர்ட் பண்ணவும் அது "லேட்டின் எழுத்த யூடிஎஃப்-8 ஆக்கி தரேன்"னு இன்னொரு தடவ மாத்தி குடுத்திருச்சு. ரெண்டு தடவ மாத்துனது அவ்ளோதான், ஒண்ணும் அழியல.

அழிஞ்சு போறது எப்படி இருக்கும்னா எழுத்துக்கு பதிலா வெறும் கேள்விக்குறி வரும். டேட்டாபேஸுக்கு உள்ளயே அப்படி கேள்விக்குறியா பதிஞ்சிருந்தா அந்த பைட்டே போயிருச்சுன்னு அர்த்தம், அந்த காப்பியில இருந்து யாராலயும் மீட்க முடியாது. உனக்கு கேள்விக்குறி வரல, அதனால பயப்படாத.

கரிசல்செல்வி:
ரொம்ப நன்றிண்ணா, இத படிச்சதும்தான் மூச்சு வந்துச்சு. பாத்துட்டேன், கான்ஃபிக்ல அந்த வரியே இல்ல. டேபிள் எல்லாம் லேட்டின்1 ஸ்வீடிஷ்னு போட்டிருக்கு, அது ஏன் ஸ்வீடிஷ்னு புரியல. எஞ்சின் (டேபிள சேமிக்கிற முறையாம்) மைஐஸாம்னு இருக்கு.

ஒரு நண்பர், எக்ஸ்போர்ட் பண்ண அந்த எஸ்க்யூஎல் ஃபைல நோட்பேட் மாதிரி எடிட்டர்ல தொறந்து என்கோடிங்க மாத்தி சேவ் பண்ணா தமிழ் வந்துரும்னு சொல்றார். பண்ணலாமா?

தரவுத்தச்சன்:
வேண்டவே வேண்டாம். எடிட்டருங்க லேட்டின்1னு சொல்லிட்டு விண்டோஸ் 1252 அட்டவணையத்தான் எடுக்கும், அந்த அட்டவணையில அஞ்சு இடம் காலியா இருக்கு. 81, 8டி, 8எஃப், 90, 9டி. இப்ப தமிழ்ல புள்ளி இருக்குல்ல, மெய்யெழுத்து மேல வைக்கிற புள்ளி, அதோட கடைசி பைட் சரியா 8டி. ஏ-வோட கடைசி பைட் 8எஃப், ஐ-க்கு 90. எடிட்டர் அந்த காலி இடத்துல முழிச்சு எதையாவது போட்டுருச்சுன்னா உங்க பெரியப்பா எழுதுன அத்தன பதிவுலயும் புள்ளி போயிரும். புள்ளி இல்லாத தமிழ எவன் உக்காந்து திருத்துறது. மைஎஸ்க்யூஎல் (வேர்ட்பிரஸ் எல்லாத்தையும் சேத்து வைக்கிற டேட்டாபேஸ்) தன்னோட லேட்டின்1ல அந்த அஞ்சு இடத்தையும் அப்படியே கடத்தி விட்ரும், அதனால மாத்துற வேலைய டேட்டாபேஸ் கையிலயே குடு.

ஸ்வீடிஷ் வந்தது மைஎஸ்க்யூஎல் ஸ்வீடன்ல பொறந்ததால, டிஃபால்ட்டா அதான் ரொம்ப காலம் இருந்துச்சு, அத விடு.

செய்ய வேண்டியது இதான். பிஹெச்பி மைஅட்மின் வழியா வேண்டாம், மைஎஸ்க்யூஎல்டம்ப் (டேட்டாபேஸ ஒரே ஃபைலா எடுக்குறது) கமாண்ட்லயே எடு. அதுல டிஃபால்ட் கேரக்டர் செட் லேட்டின்1னு குடுத்துட்டு, செட்-சார்செட் வரிய தவிர்க்கச் சொல்ற ஆப்ஷனும் (skip-set-charset) போடு. இப்ப பைட்ட மாத்தாம உள்ள இருக்குற மாதிரியே தரும். ஃபைல் வந்ததும் லெஸ் கமாண்ட்ல (ஃபைல மாத்தாம படிக்க மட்டும் காட்டும்) தொறந்து பாரு, தமிழ் தமிழா கண்ணுக்கு தெரியணும். தெரிஞ்சா மட்டும் அடுத்ததுக்கு போ. கடைசி வரிக்கும் போய் பாரு, டம்ப் கம்ப்ளீட்டட்னு தேதியோட இருக்கணும், அது இல்லன்னா பாதியில நின்ன ஃபைல்.

அப்புறம் அதுக்கு ஒரு காப்பி எடுத்துட்டு, காப்பியில எஸ்-ஈ-டி (sed, வார்த்தைய தேடி மாத்துற) கமாண்ட் வச்சு டேபிள் கேரக்டர் செட் லேட்டின்1னு இருக்குறத யூடிஎஃப்8எம்பி4னு (எழுத்துக்கு நாலு பைட் வரைக்கும் இடம் குடுக்குறது) மாத்து, எஞ்சின் மைஐஸாம்னு இருக்குறத இன்னோடிபின்னு மாத்து. ரெண்டையும் சேத்து மாத்தணும், ஏன்னா மைஐஸாம்ல இன்டெக்ஸ் (வேகமா தேடுறதுக்கான கீ) 1000 பைட்ட தாண்டக்கூடாது. மெட்டா கீ மாதிரி 255 எழுத்து புடிக்கிற காலம் (டேபிள் நெடுவரிசை), எழுத்துக்கு நாலு பைட்னா 1020 வந்துரும், இம்போர்ட் அங்கயே கீ ரொம்ப நீளம்னு நின்னுரும். டேபிள் உருவாக்குற வரிய மட்டும் தேடி மாத்து, பதிவுக்கு உள்ள அதே வார்த்த வர்றதுக்கு கரிசல் வலைப்பூல வாய்ப்பில்ல, இருந்தாலும் க்ரெப் கமாண்ட்ல தேடி பாத்துக்கோ.

இம்போர்ட் பண்றப்பயும் டிஃபால்ட் கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4. புது சர்வர் கான்ஃபிக்லயும் அதே வரி.

வினோத்_மதுரை:
அண்ணா வெறும் யூடிஎஃப்8 போதாதா? தமிழ் மூணு பைட்டுக்குள்ளதானே அடங்குது.

தரவுத்தச்சன்:
தமிழுக்கு போதும் வினோத், ஆனா மறுமொழி போடுறவங்க கைகூப்புற எமோஜி போடாம இருக்காங்களா? எமோஜி நாலு பைட். மைஎஸ்க்யூஎல்ல வெறும் யூடிஎஃப்8ன்னா மூணு பைட்டோட நிறுத்திக்கும், ஸ்ட்ரிக்ட் மோட் இருந்தா எரர் குடுக்கும், இல்லன்னா எமோஜி வந்த இடத்தோட மீதி மறுமொழிய வெட்டிட்டு சத்தமில்லாம போயிரும். எண்ணிக்கைய பாத்தா சரியா இருக்கும், உள்ள பாதி இருக்காது. வேர்ட்பிரஸ் 2015ல 4.2ல எம்பி4க்கு மாறுனதும் இதுக்குத்தான்.

பழையபதிவர்:
இடையில வரேன், மன்னிக்கணும். இவ்ளோ சிரமத்துக்கு வேர்ட்பிரஸ் டூல்ஸ்ல இருக்குற எக்ஸ்போர்ட்ட அழுத்தி எக்ஸ்எம்எல் எடுத்துரலாமே? எழுத்து சைட்ல தெரியுற மாதிரியே வருமே, டேட்டாபேஸ் பிரச்சனையே இல்ல.

தரவுத்தச்சன்:
ஐயா, நல்ல யோசனைதான், எழுத்துக்கு அது ஒரு பாதுகாப்பு காப்பியா கட்டாயம் இருக்கட்டும், செல்வி இன்னைக்கே அத ஒண்ணு எடுத்து வச்சிரு. ஆனா அந்த எக்ஸ்எம்எல்ல படம் இருக்காது, படத்தோட முகவரி மட்டும்தான் இருக்கும். இம்போர்ட் பண்றப்ப அது பழைய சைட்டுக்கு போய்த்தான் ஒவ்வொண்ணா இழுக்கும், பழசு மூடிட்டாலோ டொமைன புதுசுக்கு திருப்பிட்டாலோ இழுக்க ஆள் இல்ல. நெறைய பேருக்கு பதிவு வந்து படம் வராம போறது இங்கதான். ப்ளகின் செட்டிங், விட்ஜெட் எதுவும் வராது. தரவுத்தளத்தையே கொண்டு போறதுதான் முழுசு.

பழையபதிவர்:
புரிஞ்சுது. நான் கேட்டதுக்கு காரணம், நான் ப்ளாக்ஸ்பாட்ல இருந்து வந்தவன். தமிழ்மணம் திரட்டி இருந்த காலத்துல ஆரம்பிச்சது. தமிழ் தலைப்பு வச்சா ப்ளாக்கருக்கு முகவரி எழுதத் தெரியாது, எல்லாத்துக்கும் ப்ளாக்-போஸ்ட், அப்புறம் அடிக்கோடு போட்டு ஒரு எண். அப்படி நூத்துக்கணக்குல இருக்கு. வேர்ட்பிரஸுக்கு மாத்துனா பழைய சுட்டி எல்லாம் செத்துரும்னு பயந்துதான் இன்னும் அங்கயே கெடக்கேன். விக்கிபீடியாவுல கூட ஒண்ணு ரெண்டு கட்டுரைக்கு கீழ என் சுட்டி இருக்கு.

தரவுத்தச்சன்:
சாகாது ஐயா. ப்ளாக்கர் இம்போர்ட்டர் ப்ளகின் ஒவ்வொரு பதிவோடயும் ப்ளாக்கர்_பெர்மாலிங்க்னு ஒரு மெட்டாவ சேத்து வைக்கும், அதுல பழைய முகவரி அப்படியே இருக்கும். அத வச்சு 301 திருப்பம் (பழைய முகவரிக்கு வர்றவங்கள நிரந்தரமா புதுசுக்கு அனுப்புறது) எழுதிக்கலாம். கைபேசியில இருந்து வந்த சுட்டிக்கு பின்னாடி எம்=1னு ஒட்டியிருக்கும், அதையும் பிடிக்கிற மாதிரி எழுதணும். ஆனா இது சொந்த டொமைன் போட்டிருந்தாத்தான் முழுசா நடக்கும், ப்ளாக்ஸ்பாட் முகவரியே உங்க முகவரின்னா அங்கிருந்து நீங்க 301 போட முடியாது, பழைய பதிவ அங்கயே விட்டு வச்சு ஒவ்வொண்ணுலயும் புது சுட்டி குடுக்கணும். படமும் கூகுள் சர்வர்லயேதான் இருக்கும், தனியா இறக்கணும். உங்களுக்கு தனி இழை போடுங்க ஐயா, உக்காந்து பாப்போம்.

சுன்னாகம்_நிலா:
செல்வி அக்கா, படங்களையும் ஒருக்கா கவனமா பாருங்கோ. நான் என்ர தளத்தை மாத்தேக்க எழுத்தெல்லாம் வடிவா வந்திட்டுது, சில படங்கள் மட்டும் வரேல்ல. தமிழில பேர் வச்ச படங்கள். "மலை" எண்டு பேர் வச்சது வருது, "கோயில்" எண்டு வச்சது வரேல்ல. ஃபோல்டருக்க போய்ப் பாத்தா கோயில் அங்க இருக்குது, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல.

பிறகுதான் விளங்கிச்சுது. ஒ, ஓ, ஔ உயிர்க்குறி வாற எழுத்தை யூனிகோட்டில ரெண்டு விதமா எழுதலாம், கோ எண்டதை க-வும் ஓகாரக்குறியுமா ஒண்டா வைக்கலாம், இல்லாட்டி இரட்டைக்கொம்பு தனியா கால் தனியா வைக்கலாம். பழைய மேக் கணினிக்கு கோப்பை இறக்கினா அது பேரை பிரிச்சுத்தான் வைக்கும். அதை லினக்ஸ் சர்வருக்கு ஏத்தினா அதுக்கு ரெண்டும் வேற வேற பேர். பதிவுக்குள்ள இருக்கிறது ஒட்டின கோ, ஃபோல்டருக்க இருக்கிறது பிரிஞ்ச கோ. கன்வ்எம்வி எண்ட பேர் மாத்திற கருவியில என்எஃப்சி (ஒட்டின வடிவம்) எண்டு குடுத்து ஓட விட்டா எல்லாப் பேரும் திரும்ப ஒட்டிடும். உங்கட பெரியப்பா தமிழிலதான் படத்துக்குப் பேர் வைக்கிறவரோ?

கரிசல்செல்வி:
நிலா, ஆமாப்பா, அவர் எல்லாமே தமிழ்லதான் வைப்பார். "கொழு", "தோண்டி"னு நெறைய இருக்கு. என்கிட்ட மேக் இல்ல, ஆனா இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது.

தரவுத்தச்சன்:
நிலா சொன்னது தங்கம். அதனாலதான் நான் லேப்டாப்புக்கு இறக்கி திரும்ப ஏத்துற வேலையே வேண்டாம்னு சொல்லுவேன். பழைய சர்வர்ல எஸ்எஸ்ஹெச் (சர்வருக்குள்ள போய் கமாண்ட் அடிக்கிற வசதி) இருந்தா அங்கிருந்து நேரா புதுசுக்கு ஆர்சிங்க் (ஃபைல காப்பி பண்ற கமாண்ட்). மொத நாள் ஒரு தடவ முழுசா ஓட விடு, மாத்துற அன்னைக்கு இன்னொரு தடவ ஓட்டுனா நடுவுல வந்தத மட்டும் எடுத்துக்கும். எஸ்எஸ்ஹெச் இல்லன்னாலும் சிபேனல்ல (ஹோஸ்டிங் கன்ட்ரோல் பக்கம்) ரிமோட் மைஎஸ்க்யூஎல்ல உன் புது சர்வர் ஐபிய சேத்துட்டா டம்ப்ப புது சர்வர்ல இருந்தே இழுக்கலாம்.

டேபிள் மைஐஸாம்ங்கறதால டம்ப் ஓடுறப்ப யாராவது மறுமொழி போட்டா கணக்கு இடிக்கும். அந்த நேரத்துக்கு மறுமொழிய மூடி வச்சுட்டு, பெரியப்பாகிட்ட அன்னைக்கு ஒரு நாள் எழுத வேண்டாம்னு சொல்லிரு.

வினோத்_மதுரை:
கடைசியில நேம்சர்வர மாத்தி விட்டா முடிஞ்சதுல்ல?

தரவுத்தச்சன்:
நேம்சர்வர்ல கை வைக்காம டிஎன்எஸ்ல ஏ ரெக்கார்ட (டொமைன் எந்த ஐபிக்கு போகணும்னு சொல்றது) மட்டும் மாத்துறதுதான் நல்லது வினோத். நேம்சர்வர மாத்துனா அந்த டொமைன்ல மெயில் வச்சிருந்தா மெயில் எங்க போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்டும் சேந்து போயிரும், மெயில் நின்னது கூட யாருக்கும் ஒரு வாரம் தெரியாது. டிடிஎல் (பழைய ஐபிய எத்தன நொடி நெனவுல வைக்கணும்ங்குறது) 86400ன்னு இருந்தா மொத நாளே 300க்கு குறைச்சிரு. குவாட் ஏ ரெக்கார்டு, அதான் ஐபிவி6 முகவரி, அது பழைய சர்வர காட்டிட்டு இருந்தா அதையும் மாத்தணும். ஜியோவுல பாக்குறவங்க பெரும்பாலும் ஐபிவி6லதான் வர்றாங்க. ஏவ மட்டும் மாத்துனா உனக்கு வீட்டு ப்ராட்பேண்ட்ல புதுசு தெரியும், ஜியோக்காரங்களுக்கு பழசு தெரியும்.

இதெல்லாம் மாத்துறதுக்கு முன்னாடியே உன் கணினியில ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல டொமைனுக்கு நேரா புது ஐபிய எழுதி பாத்துரு. ஊருக்கு பழசு ஓடும், உனக்கு மட்டும் புதுசு தெரியும். இருபது பதிவாவது தொறந்து பாரு, மொத வருஷத்துல ரெண்டு, நடுவுல ரெண்டு, போன வாரத்துது, எமோஜி இருக்குற மறுமொழி, படம் நெறைய இருக்குறது. முகப்பு வந்து பதிவு மட்டும் 404 (பக்கம் இல்ல) வந்தா பதிவு தொலஞ்சுருச்சுன்னு அர்த்தமில்ல. வெப்சர்வர் மென்பொருள் பழசுல அபாச்சி, புதுசுல என்ஜின்எக்ஸ்னா பழைய ஹெச்டிஆக்சஸ் ஃபைல என்ஜின்எக்ஸ் திரும்பி கூட பாக்காது, ட்ரை_ஃபைல்ஸ் வரி எழுதணும். பக்கம் வெள்ளையா வந்தாலும் அப்படித்தான், பழைய தீம் பிஹெச்பி 8ல படுத்துரும், தீம் ஃபோல்டர் பேர மாத்தி வச்சுட்டு புது தீம போட்டு பாரு.

ஹெச்டிடிபிஎஸ் ஆக்குறதுக்கு எஸ்க்யூஎல் ஃபைல்ல நேரா தேடி மாத்தாத. விட்ஜெட், செட்டிங் எல்லாம் சீரியலைஸ் பண்ணி இருக்கும், ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாடியும் அது எத்தன பைட்னு எண் எழுதியிருக்கும். ஒரு எஸ் கூடுனா எண்ணு தப்பாகி மொத்த விட்ஜெட்டும் காணாம போகும். டபிள்யூபி-சிஎல்ஐல (வேர்ட்பிரஸ கமாண்ட்ல இயக்குற கருவி) சர்ச்-ரீப்ளேஸ் இருக்கு, அது எண்ணையும் சேத்து மாத்தும். மொதல்ல ட்ரை-ரன் (எதையும் மாத்தாம எத்தன மாறும்னு மட்டும் காட்டும்), ஜியூஐடிங்குற நெடுவரிசைய மாத்தாம விட்ரு.

கரிசல்செல்வி:
அண்ணா, வந்துருச்சு. லெஸ்ல தொறந்ததும் மொத கண்ணுல பட்டது "கமலை இறைப்பு"ன்னு ஒரு தலைப்பு, தமிழா இருந்துச்சு, அப்படியே உக்காந்து கீழ கீழ படிச்சுட்டே போயிட்டேன். இம்போர்ட் நீங்க சொன்ன மாதிரி இன்னோடிபி சேத்து மாத்துனதால தடங்கல் இல்லாம போச்சு. தீம் வெள்ளையா போச்சு, வேற தீம் போட்டாச்சு, பெரியப்பாவுக்கு எழுத்து பெருசா தெரியுதுன்னு புதுசுதான் பிடிச்சிருக்கு.

பதிவு எண்ணிக்கை ரெண்டு பக்கமும் ஒண்ணு. மறுமொழி மட்டும் பழசுல ரெண்டு கூட இருக்கு. ரெண்டும் டிஎன்எஸ் மாத்துன அன்னைக்கு ராத்திரி வந்தது. அதுல ஒண்ணு எட்டயபுரத்துக்காரர் ஒருத்தர் வடக்கயிறு திரிக்கிறத பத்தி ஒரு பத்தி பூரா எழுதியிருக்கார், அது எனக்கு கட்டாயம் வேணும்.

தரவுத்தச்சன்:
மறுமொழிய டம்ப் எடுத்ததும் திரும்ப தொறந்து விட்டிருப்ப, குவாட் ஏ பழசையே காட்டிட்டு இருந்திருக்கும். இப்பவாவது மாறியிருக்கான்னு பாரு. அந்த ரெண்ட எடுத்துட்டு வர்றது லேசு, ஆனா கமெண்ட் ஐடியோட கொண்டு வராத, புதுசுல அதே ஐடியில வேற மறுமொழி வந்திருக்கலாம், ரெண்டும் மோதி இன்சர்ட் எரர்ல நின்னுரும். ஐடி நெடுவரிசைய விட்டுட்டு மத்ததெல்லாம் இன்சர்ட் பண்ணு, அது தானா புது ஐடி போட்டுக்கும். ஒண்ணு இன்னொண்ணுக்கு பதிலா எழுதுனதுன்னா பேரன்ட் ஐடிய மட்டும் பாத்து திருத்து. அப்புறம் டபிள்யூபி-சிஎல்ஐல கமெண்ட் ரீகவுண்ட் குடுத்து அந்த பதிவு ஐடிய போடு, பதிவுக்கு கீழ எண்ணிக்கை சரியாயிரும்.

கரிசல்செல்வி:
ரெண்டும் வந்துருச்சுண்ணா. குவாட் ஏ நெஜமாவே பழசுலதான் இருந்துச்சு, மாத்திட்டேன். பெரியப்பா வடக்கயிறு மறுமொழிக்கு பதில் எழுதிட்டு இருக்கார். இனி பழைய ஹோஸ்டிங் அக்கவுண்ட்ட மூடிரலாமா?

தரவுத்தச்சன்:
மாச கடைசி வரைக்கும் காசு கட்டியிருக்குல்ல, அது வரைக்கும் அப்படியே கெடக்கட்டும். மூடுறதுக்கு முன்னாடி டொமைன் எங்க பதிஞ்சிருக்குன்னு பாரு. 2006ல ஹோஸ்டிங்கோட சேத்து டொமைனும் அதே கம்பெனியில வாங்கியிருந்தா, அக்கவுண்ட்ட மூடுனதும் டொமைன் புதுப்பிக்காம விட்டுப்போகும், பதிவெல்லாம் பத்திரமா இருக்கும், வந்து பாக்க முகவரி இருக்காது.

கரிசல்செல்வி:
அய்யோ ஆமாண்ணா, டொமைனும் அங்கதான் இருக்கு. அதுவும் பெரியப்பாவோட பழைய மெயில் ஐடியில.

தரவுத்தச்சன்:
அப்ப மொதல்ல அந்த மெயில் ஐடி இன்னும் தொறக்குதான்னு பாரு, டிரான்ஸ்ஃபர் அனுமதி கேட்டு அதுக்கு மெயில் வரலாம். தொறக்கலன்னா கம்பெனிகிட்ட பெரியப்பா பேர்ல எழுதி மெயில் ஐடிய மாத்தச் சொல்லு, ஆனா பேரோ மெயில் ஐடியோ மாறுனா சில எடத்துல 60 நாள் டிரான்ஸ்ஃபர் பூட்டு விழும், அத மொதல்லயே கேட்டுக்கோ. அப்புறம் லாக்க எடுத்துட்டு ஆத் கோட் (டிரான்ஸ்ஃபருக்கான ரகசிய குறி) வாங்கி வேற ரெஜிஸ்ட்ராருக்கு (டொமைன் பதியுற கம்பெனி) மாத்து. டிஎன்எஸ் அவங்க நேம்சர்வர்ல ஓடுதுன்னா, டிரான்ஸ்ஃபர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எல்லா ரெக்கார்டையும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து புது இடத்துல அதே மாதிரி போட்டு வச்சிரு. டொமைன் புது அக்கவுண்ட்ல தெரிஞ்ச அப்புறம் பழசுக்கு கேன்சல் மெயில் அனுப்பு.